ஆளில்லாத கோபுரங்கள்

மூடிய தொழிற்சாலையைப் படம் எடுத்து வைத்தால் எது மிஞ்சுகிறது, கட்டடமா, உழைப்பா? ஜெர்மனியின் பெர்ன்ட் பெஹர் (1931–2007), ஹில்லா பெஹர் (1934–2015) தம்பதியின் புகைப்படங்களை முன்வைத்து இதைக் கேட்க விரும்புகிறேன்.

1950களின் இறுதியில் ரூர் பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. 1959இல் இருவரும் சேர்ந்து படமெடுக்க ஆரம்பித்தார்கள். முறை எளிமையானது, பிடிவாதமானது. பெரிய காமிரா, கருப்பு வெள்ளை, நிழல் விழாத மேகமூட்டமான நாள். உயரமான இடத்தில் ஏறி நின்று நேர்ப்பார்வை. சட்டகத்துக்குள் ஆள் கிடையாது. பிறகு ஒரே வகைத் தண்ணீர்த் தொட்டிகளை, ஊதுலைகளைக் கட்டம் கட்டமாக அடுக்குவார்கள்.

ஏன் அடுக்கணும்? தனியாகப் பார்த்தால் தொட்டி வெறும் தொட்டிதான். பக்கத்தில் இன்னொன்று வரும்போதுதான் அதன் கால், வயிறு, தொப்பி எல்லாம் கண்ணில் படுகின்றன. குறிகள் வேறுபாட்டால் பொருள் பெறுகின்றன என்று சசூர் மொழிக்குச் சொன்னது இரும்புக்கும் பொருந்துகிறது. 1970இல் வந்த அவர்களது நூலின் தலைப்புக்குப் 'பெயரற்ற சிற்பங்கள்' என்று பொருள். 1990இல் வெனிஸ் பியனாலேயில் அவர்கள் பெற்றதும் சிற்பத்துக்கான பரிசுதான்.

பார்வை மாறினால் பாதுகாப்பும் மாறும். டார்ட்மண்டில் சோலர்ன் சுரங்கத்தின் இயந்திரக் கூடம் இடிபட இருந்தது. அதைக் காக்க எழுந்த குரல்களில் இவர்களுடையதும் ஒன்று. 1969இல் அது காப்பாற்றப்பட்டது, இன்று அருங்காட்சியகம். அரண்மனையும் தேவாலயமுமே பாரம்பரியம் என்றிருந்த சொல்லாடலில் விழுந்த உடைப்பு இது.

சரி, ஆள் எங்கே? க்ருப் ஆலையின் புகைப்படம் அந்த நிறுவனத்தைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்லிவிடாது என்று ப்ரெக்ட் 1930களின் தொடக்கத்திலேயே வாதிட்டார். அங்கே மனித உறவுகள் பொருள்களுக்குள் மறைந்துவிட்டன என்பது அவர் கட்சி. பெஹர்களை இதை வைத்தே தள்ளிவிடலாம்தான். ஆனால் 1970களில் அவர்கள் பென்சில்வேனியாவில் எடுத்த படங்கள் நம்மை நிறுத்துகின்றன. சிறு சுரங்கக்காரர்கள் கிடைத்த மரத்தை வைத்துத் தாங்களே கட்டிக்கொண்ட, நிலக்கரி கொட்டும் பரண்கள் அவை. கோணிய தூண், ஒட்டுப்போட்ட பலகை. உழைப்பாளி அங்கே உடலாக இல்லை; தான் எடுத்த முடிவுகளாக இருக்கிறான்.

இருந்தாலும் கூலி எவ்வளவு, நுரையீரலில் எவ்வளவு தூசி என்பதைப் பலகை சொல்லாது. வடிவத்தை மட்டும் காப்பாற்றும் பாரம்பரியம், முதலாளிக்குச் சங்கடம் தராத பாரம்பரியம். ஜெர்மனியின் கடைசி நிலக்கரி ஆழ்சுரங்கம் 2018இல் மூடிவிட்டது. கோபுரங்கள் சில நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே இறங்கிய அனுபவத்தை இனி யாரும் புதிதாகப் பெறப்போவதில்லை.

ஆகவே காமிராவோடு கிளம்பும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். பெஹர்களின் ஒழுங்கை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரே கோணம், ஒரே வெளிச்சம், வரிசை. ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் அங்கே என்ன வேலை நடந்தது, யார் செய்தார்கள், என்ன கூலி, எந்த இடத்தில் கை போச்சு என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். எழுதும் வேலையை முதலில் செய்யுங்கள். இரும்பு கொஞ்ச நாள் காத்திருக்கும்.