எரிக்க 55 நாள், இடம் தேட 20 வருஷம்

ஒரு சின்னக் கணக்கு. கெமிக்கல் பிரிவு மாணவர்களுக்கு மட்டுமல்ல, மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் போடலாம். ஓர் எரியுலை மணிக்கு 270 கிலோ கழிவை எரிக்கிறது. எரிக்க வேண்டிய கழிவு 307 டன். ராத்திரி பகலா ஓட்டினால் எத்தனை நாளில் தீரும்?

ஒரு நாளைக்கு 6,480 கிலோ. ஆக 47 நாளும் சொச்சமும். நிஜத்தில் 55 நாள் ஆனது. 2025 மே 5-ல் ஆரம்பித்து ஜூன் கடைசியில் முடிந்தது. எந்த மெஷினும் கணக்குப்படி நிற்காமல் ஓடாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே! அதைப் பார்த்தால் இது நல்ல வேலைதான்.

விஷயம் என்னன்னா, இந்த 55 நாள் வேலைக்கு முன்னால் அந்தக் கழிவு மூட்டை கட்டி வைக்கப்பட்டு 20 வருஷம் ஒரே இடத்தில் கிடந்தது. உலை இல்லாமல் இல்லை, பணம் இல்லாமலும் இல்லை. எந்த ஊரில் எரிப்பது என்பதற்கு விடை கிடைக்கவில்லை. ஆபத்தான கழிவு விஷயத்தில் மாநில அரசும் உள்ளூர் நிர்வாகமும் எங்கே கைகோக்க வேண்டும், எங்கே கைவிட்டுப் போகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை என்பது என் எண்ணம்.

அது போபால் யூனியன் கார்பைடு ஆலையின் கழிவு. 1984 டிசம்பர் 2-ம் தேதி ராத்திரி மெதில் ஐசோசயனேட் வாயு கசிந்து ஆயிரக்கணக்கான ஜனங்களைக் கொன்ற அதே ஆலை. ஆலை மூடப்பட்டது. பூச்சிமருந்துச் சரக்கும் ரசாயனக் கசடும் வளாகத்திலேயே கிடந்தன. 1998-ல் நிலம் மத்தியப் பிரதேச அரசின் கைக்குத் திரும்பியது. 2004-ல் ஹைகோர்ட்டில் வழக்கு வந்த பிறகு, 2005-ல் கழிவைப் பொறுக்கி மூட்டை கட்டி ஒரு ஷெட்டில் பூட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஊர் தேடும் படலம்!

முதலில் குஜராத்தின் அங்கலேஷ்வரில் இருக்கும் உலைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. குஜராத் அரசு முதலில் சரி என்றது, அங்குள்ள ஜனங்கள் எதிர்த்ததும் 2007-ல் முடியாது என்றது. அடுத்து மகாராஷ்டிரம், நாகபுரி அருகே ராணுவ ஆராய்ச்சித் துறையின் உலை. அங்கேயும் எதிர்ப்பு, மாநிலம் மறுத்தது. 2012-ல் ஜெர்மனிக்கே விமானத்தில் அனுப்பலாம் என்று சுமார் 25 கோடி ரூபாயில் பேசினார்கள். ஜெர்மன்காரர்கள் தங்கள் ஊரில் எதிர்ப்புக் கிளம்பியதும் விலகிக்கொண்டார்கள். கடைசியில் எல்லாம் சுற்றி மத்தியப் பிரதேசத்துக்குள்ளேயே, தார் மாவட்டத்துப் பீதம்பூருக்கு வந்து நின்றது. 2015 ஆகஸ்டில் 10 டன் எரித்து சோதனையும் செய்தாயிற்று. சோதனை முடிந்தும் மீதி 337 டன் இன்னும் ஒன்பது வருஷத்துக்கு மேல் போபாலிலேயே இருந்தது.

அந்த 337 டன்னில் என்ன இருந்தது? வளாகத்து மண் 162 டன். செவின், நாஃப்தால் எச்சம் 92 டன். பாதி தயாரான பூச்சிமருந்து 54 டன். ரியாக்டர் கசடு 29 டன். பாதிக்குக் கிட்ட வெறும் மண்தான், ஆனால் விஷம் ஊறின மண்.

2024 டிசம்பரில் ஹைகோர்ட் நாலு வாரம் கெடு வைத்தது. இங்கேதான் கவனிக்கணும். இருபது வருஷம் நடக்காத வேலையை நாலு வாரத்தில் நடத்தணும் என்றால் என்ன ஆகும்? 2025 ஜனவரி 1-ம் தேதி ராத்திரி, 12 கன்டெய்னர் லாரிகள் போலீஸ் காவலோடு புறப்பட்டு 250 கிலோமீட்டர் ஓடி, விடிவதற்குள் பீதம்பூர் வந்து சேர்ந்தன. லாரி, கன்டெய்னர், ஆம்புலன்ஸ், ரோடு எல்லாம் ஏற்பாடு கச்சிதம். ஜனங்களைத் தயார் செய்வது மட்டும் பாக்கி! ஜனவரி 3-ம் தேதி கடையடைப்பு, மறியல். இரண்டு பேர் தங்கள் மேல் தீ வைத்துக்கொள்ள முயன்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இத்தனைக்கும் அந்தப் பக்கத்துக் கிராமங்கள் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போச்சு என்று ஏற்கனவே புகார் சொல்லிக்கொண்டிருந்தவை. பக்கத்துப் பெரிய நகரமான இந்தோரின் மேயர் புஷ்யமித்ர பார்கவ, மாநிலத்தை ஆளும் அதே கட்சிக்காரர், அவரே இந்த முடிவை மறுபரிசீலனை செய்யணும் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரே கட்சி ஆட்சி என்றால் ஒருங்கிணைப்பு தானாக வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மாநில அரசு மறுபடி கோர்ட்டுக்குப் போய் அவகாசம் கேட்டது, ஆறு வாரம் கிடைத்தது. அதிகாரிகள் பீதம்பூர் போய் ஜனங்களிடம் விளக்கிப் பேசினார்கள். அதாவது லாரி வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை லாரி வந்த பிறகு செய்தார்கள். பிறகுதான் பத்து பத்து டன்னாக மூன்று சோதனை: மணிக்கு 135 கிலோ, 180 கிலோ, 270 கிலோ. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புகைபோக்கியில் அளந்து சரி என்ற பிறகு மீதியை எரிக்க ஹைகோர்ட் 72 நாள் கொடுத்தது. முடிந்தது 55 நாளில்.

உலை வேலை செய்கிற விதம் நமக்குச் சுலபமாகப் புரியும். முதல் அறையில் கழிவு எரிந்து ஆவியாகும். அந்த வாயு இரண்டாவது அறைக்குப் போகும். அங்கே 1,100 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் குறைந்தது இரண்டு செகண்டு தங்கினால்தான் சிக்கலான மூலக்கூறுகள் முழுசாக உடையும். அதோடு விட்டால் ஆபத்து. குளோரின் உள்ள வாயு மெதுவாக ஆறினால் 200 முதல் 400 டிகிரிக்குள் டையாக்ஸின் என்ற கொடிய நஞ்சு மறுபடி உண்டாகும். அதனால் தண்ணீர் தெளித்து சட்டென்று குளிர வைப்பார்கள். அப்புறம் சுண்ணாம்பு, கார்பன் தூள், துணிப்பை வடிகட்டி, ஸ்க்ரப்பர். இத்தனையும் ஒழுங்காக நடந்தால் புகைபோக்கியில் பயப்பட ஒன்றுமில்லை. 'ஒழுங்காக நடந்தால்' என்பதை யார் நம்புவது என்பதுதான் பீதம்பூர்க்காரர் கேட்ட கேள்வி. அது வெப்ப இயக்கவியல் கேள்வி இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ஆபத்தான கழிவுக்கு முதல் விதிகள் 1989-ல் வந்தன, பிறகு 2008-ல் புதிதாக எழுதினார்கள், இப்போது இருப்பவை 2016-ம் வருஷ விதிகள். இதன்படி பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் கண்டுபிடிப்பது, சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையைப் பார்த்து முடிவு சொல்வது, அறிவிக்கை வெளியிடுவது, மாநிலத்தில் எங்கெங்கே புதைக்கும் இடங்கள் இருக்கின்றன என்று பட்டியல் போடுவது எல்லாம் மாநில அரசின் பொறுப்பு. அனுமதி கொடுப்பதும் கண்காணிப்பதும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அந்தப் பட்டியலில் பஞ்சாயத்துக்கும் முனிசிபாலிட்டிக்கும் என்று ஒரு வேலை எழுதப்படவில்லை. அவர்களுக்கு வழி 2006-ம் வருஷ சுற்றுச்சூழல் அறிவிக்கையில் சொன்ன பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்தான். 30 நாள் முன்னறிவிப்பு, கலெக்டர் அல்லது அவருடைய பிரதிநிதி தலைமை, மாவட்டப் பஞ்சாயத்திலோ மாநகராட்சியிலோ அறிக்கையின் பிரதி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது புது நிலையம் கட்டும்போது நடக்கிற கூட்டம். ஏற்கனவே அனுமதி வாங்கிய நிலையத்துக்கு வேறு ஊர்க் கழிவு வருகிறபோது மறுபடி கூட்டம் கூட்டுவது கட்டாயம் இல்லை. பீதம்பூர் விழுந்த ஓட்டை இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இதே போபால் பாடத்திலிருந்து விபத்துக்கு மட்டும் உள்ளூர்க்காரருக்கு நாற்காலி போட்டுச் சட்டம் செய்தார்கள். அமெரிக்காவில் 1986-ல் வந்த சட்டத்தின்படி மாநிலக் குழு மேலே, உள்ளூர் அவசரத் திட்டக் குழு கீழே. அதில் தீயணைப்பு, போலீஸ், ஆஸ்பத்திரி, பத்திரிகை, ஆலை என எல்லாரும் உண்டு. நம் நாட்டில் 1996-ல் வந்த ரசாயன விபத்து விதிகள்: மத்தியில் ஒரு குழு, தலைமைச் செயலாளர் தலைமையில் மாநிலக் குழு, கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு, அதன் கீழே தொழிற்பேட்டை மட்டத்தில் உள்ளூர் நெருக்கடிக் குழு. இந்தக் கடைசிக் குழுவில் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர், தீயணைப்பு அதிகாரி, பி.டி.ஓ., டாக்டர், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர், கிராமத் தலைவர் வரைக்கும் இடம் உண்டு. மாதம் ஒரு முறை கூட வேண்டும். கூடுகிறதா என்பது அந்தந்த ஊர்க்காரர் விசாரிக்க வேண்டிய விஷயம்! வாயு கசிந்தால் பேச இடம் உள்ள பஞ்சாயத்துத் தலைவருக்கு, கழிவு லாரி வருகிறது என்றால் பேச இடம் இல்லை. இரண்டையும் ஒரே குழுவில் வைத்தால் புதுச் செலவு ஒன்றும் கிடையாது. இது என் சொந்த யோசனை, மறுப்பு இருந்தால் கேன்டீனில் பேசலாம்.

நம் படிப்புக்குச் சம்பந்தப்பட்ட இடம் ஒன்றும் இதில் இருக்கிறது. நாளை சிப்காட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகப் போனால், கழிவு லாரி கேட்டைத் தாண்டும்போது மேனிஃபெஸ்ட் என்ற படிவத்தில் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்தான். ஏழு நிறத்தில் ஏழு பிரதி. வெள்ளை, அனுப்புகிறவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புவது. மஞ்சள் நம் கையில் இருப்பது. நீலம், கழிவு போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து நமக்குத் திரும்பி வருவது. சாம்பல் நிறம், வேறு மாநிலத்துக்குக் கழிவு போனால் புறப்பட்ட மாநிலத்து வாரியத்துக்கு. நீலம் திரும்பி வரவில்லை என்றால் கழிவு எங்கேயோ வழியில் இறங்கியிருக்கலாம் என்று அர்த்தம். அதேபோல, சாதாரணமாக 90 நாளுக்கு மேல் கழிவை ஆலைக்குள் வைத்திருக்கக் கூடாது. 90 நாள் எங்கே, போபாலின் நாற்பது வருஷம் எங்கே!

போபாலில் எரித்தாயிற்று என்றால் கதை முடிந்ததா? சுண்ணாம்பு முதலியன சேர்த்து எரித்ததால் 337 டன் கழிவுக்கு 800 டன்னுக்கு மேல் சாம்பலும் எச்சமும் வந்தன. களிமண்ணும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் அடுக்கிய குழியில் புதைக்க வேண்டியவை. அந்தக் குழி குடியிருப்புக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்ற கேள்வியும் ஹைகோர்ட்டுக்கே போனது. எரித்ததெல்லாம் மூட்டை கட்டி ஷெட்டில் வைத்திருந்தது மட்டும்தான். ஆலை வளாகத்தில் நஞ்சு ஊறிய மண் சுமார் 11 லட்சம் டன் என்று 2010-ல் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள் மதிப்பிட்டன. மணிக்கு 270 கிலோ உலையில் அதற்கு எத்தனை வருஷம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள், கால்குலேட்டர் தேவைப்படும்.