மண் ஈர சென்சார் பதில் தராவிட்டால் மோட்டார் ஓடக்கூடாது

சொட்டுநீர்ப் பாசனத் தோட்டங்களில் மண் ஈர சென்சார் பதித்து, அது காட்டும் அளவை வைத்து மோட்டாரைத் தானாக இயக்கும் முறை பரவி வருகிறது. "சில நாள் சரியாக வேலை செய்தது, பிறகு தாறுமாறாகக் காட்டுகிறது" என்று சொல்லும் விவசாயிகளும் உண்டு. பல நேரங்களில் கோளாறு சென்சாரில் இருப்பதில்லை. இணைப்பிலும் அமைப்பிலும்தான் இருக்கிறது.

சென்சார் எப்படிப் பேசுகிறது?

சென்சார் தானாக எதையும் சொல்லாது. மோட்டார் அறையில் உள்ள கன்ட்ரோலர் கேட்டால்தான் பதில் சொல்லும். பல சென்சார்களில் இந்தக் கேள்வி பதில் ஆர்.எஸ்.485 என்ற இரண்டு கம்பி இணைப்பில், மோட்பஸ் என்ற விதிப்படி நடக்கிறது. "3-ஆம் எண் சென்சாரே, ஈர அளவைச் சொல்" என்பதுபோல ஒரு கட்டளை போகும். அந்த எண்ணுள்ள சென்சார் மட்டுமே பதில் தரும். பதிலில் 285 என்று வந்தால், பல சென்சார்களில் அது 28.5 சதவீதத்தைக் குறிக்கும். உங்கள் சென்சாருக்குப் பத்தால் வகுக்க வேண்டுமா என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. புதிய சென்சார்கள் பெரும்பாலும் 1 என்ற எண்ணுடனே வரும். இரண்டை அப்படியே இணைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி, எதுவும் புரியாமல் போகும். ஒவ்வொன்றாகத் தனியே இணைத்து எண்ணை மாற்றிய பிறகே சேர்த்து இணைக்க வேண்டும்.

2. ஏ, பி கம்பிகள் இடம் மாறினால் பதில் வராது. 4800, 9600 என்று குறிக்கப்படும் வேகமும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

3. குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை கேபிள் இழுக்கலாம். ஆனால் மோட்டாரின் மின் கேபிளோடு சேர்த்து இழுக்கக் கூடாது. தனிக் குழாயில் புதைத்தால் எலி, மண்வெட்டி ஆகியவற்றிடமிருந்தும் தப்பும்.

4. சென்சாரின் முட்களைச் சுற்றி காற்று இடைவெளி இருந்தால் ஈரம் குறைவாகக் காட்டும். கிளறாத மண்ணில், வேர் ஆழத்தில், இறுக்கமாகப் பதிக்க வேண்டும்.

முக்கிய எச்சரிக்கை

கேபிள் அறுந்தால் பதில் வராது. சில அமைப்புகள் இதைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டு, மண் காய்ந்துவிட்டதாகக் கருதி மோட்டாரைப் போட்டுவிடும். இரவு முழுவதும் ஓடினால் கிணறு வற்றும், மோட்டார் கருகும், வேர் அழுகும். எனவே கருவி பொருத்துபவரிடம் மூன்று அமைப்புகளைக் கேட்டு வாங்குங்கள். தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால் மோட்டார் நின்று, கைப்பேசிக்குத் தகவல் வர வேண்டும். நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த எண் வந்தாலும் மோட்டார் ஓடக்கூடாது. ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓடாது என்ற வரம்பும் வேண்டும். பொருத்திய அன்றே, அவர் முன்னிலையில் சென்சார் கம்பியைக் கழற்றி, மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் வயலுக்கான எண்

பிறர் வயலின் எண் உங்களுக்குப் பொருந்தாது. நன்றாக நீர் பாய்ச்சி, மணற்பாங்கான நிலத்தில் 1 நாள், களிமண்ணில் 2 முதல் 3 நாள் கழித்து வரும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது மேல் வரம்பு. வழக்கமாக மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து "இன்று தண்ணீர் விட வேண்டும்" என்று முடிவு செய்யும் நாளில் வரும் அளவு கீழ் வரம்பு. இந்த இரண்டுக்கும் இடையில் ஈரம் இருக்குமாறு அமைத்தால் போதும்.

வாரம் ஒருமுறை சென்சார் அருகே மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். கையும் கருவியும் வேறு வேறு சொன்னால், கையை நம்பி, கருவியைச் சோதியுங்கள்.