வறுமையும் மோசடியும்: ஸ்ரீபுரந்தான் நடராசர் வழக்கை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பண நெருக்கடியே மனிதனை மோசடிக்குத் தள்ளுகிறது என்பது குற்றப் புனைவுகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் காரண விளக்கமாகும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் நிகழ்ந்த சிலைக்களவைச் சான்றாகக் கொண்டு அவ்விளக்கத்தின் பொருத்தத்தையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குற்றப் புனைவு, மோசடி முக்கோணம், சிலைக்களவு, போலி ஆவணம், ஸ்ரீபுரந்தான்.

முன்னுரை

எச். வினோத் இயக்கத்தில் 2014ஆம் ஆண்டு வெளிவந்த ‘சதுரங்க வேட்டை’ திரைப்படம், ஏமாற்றுதலையே தொழிலாகக் கொண்ட ஒருவனின் கதையாகும். இளமையில் அவன் பட்ட வறுமை அவனது செயல்களுக்கு விளக்கமாக அமைகிறது. இத்தகைய விளக்கம் புனைவுக்குப் பெரிதும் உதவுகிறது. குற்றவாளியை முற்றிலும் வெறுத்தொதுக்காமல் அவனைப் பின்தொடரச் சுவைஞருக்கு இடமளிக்கிறது. எனினும் மெய்யான மோசடி வழக்குகளுக்கு இவ்விளக்கம் எவ்வளவு பொருந்தும் என்பது ஆராய்தற்குரியது.

கோட்பாட்டுப் பின்புலம்

அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்டு கிரெசி, கையாடல் குற்றத்திற்காகச் சிறையிலிருந்தோரை நேர்கண்டு, 1953இல் ‘பிறர் பணம்’ எனப் பொருள்படும் நூலொன்றை வெளியிட்டார். பிறரிடம் சொல்லவியலாத பணச் சிக்கல், குற்றத்திற்கான வாய்ப்பு, தன் செயலுக்குத் தானே கற்பித்துக்கொள்ளும் நியாயம் ஆகிய மூன்றும் கூடும்போதே கையாடல் நிகழ்கிறது என்பது அவரது முடிபு. இம்மூன்றும் பின்னர் ‘மோசடி முக்கோணம்’ என வழங்கலாயின. அவருடைய ஆசிரியரான எட்வின் சதர்லாந்து, உயர்நிலையினர் தம் தொழில்வழியே இழைக்கும் குற்றங்களைச் சுட்டி, வறுமையைக் குற்றத்தின் பொதுக்காரணமாகக் கொள்ளவியலாது என்று அதற்கு முன்னரே வாதிட்டிருந்தார். குற்றப் புனைவுகள் பெரும்பாலும் கிரெசியின் முதற்கூறை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன எனலாம்.

ஸ்ரீபுரந்தான் வழக்கு

ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயில் நாள்வழிபாடு நின்று பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்தது. அங்கிருந்த சோழர்கால நடராசர் செப்புத்திருமேனி 2006ஆம் ஆண்டளவில் களவாடப்பட்டது. அப்போது இவ்வூர் பெரம்பலூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 2007 நவம்பரில்தான் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமாயிற்று. களவு வெளிப்பட்டது 2008இல். அதே ஆண்டில் நியூயார்க் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அத்திருமேனியை ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது.

களவு இவ்வழக்கின் ஒரு பாதியே. மறுபாதி ஆவண மோசடி. அத்திருமேனி 1970இல் தில்லிக் கடையொன்றில் விலைக்கு வாங்கப்பட்டதாக உரிமைத் தாள்கள் புனையப்பட்டன. அந்த ஆண்டு தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. பண்பாட்டுச் சொத்துகளின் சட்டமுரணான வணிகத்திற்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970 நவம்பரில் உருவானது. இந்தியத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. இவ்விரண்டுக்கும் முன்னரே பொருள் கைமாறியதாகக் காட்டுவதே அத்தாள்களின் நோக்கம்.

முக்கோணத்தின் இடமாற்றம்

இவ்வழக்கில் பண நெருக்கடி எங்கே இருந்தது? பூட்டை உடைத்த உள்ளூர்க் கைகளுக்குத் தேவை இருந்திருக்கலாம். ஆயின் அவர்கள் போலி ஆவணம் புனையவில்லை. அவர்கள் பெற்ற தொகைக்கும் கலைக்கூடம் கொடுத்த விலைக்கும் ஒப்பீடே இல்லை. ஆவணத்தால் பயன்பெற்றவரோ நியூயார்க்கின் மேடிசன் நிழற்சாலையில் கலைக்கூடம் நடத்தியவர். அவரை வறுமையால் விளக்கவியலாது. இங்கு நெருக்கடியில் இருந்தது கோயிலே. வருவாய் குன்றி, விளக்கேற்ற ஆளின்றிப் போன அதன் நிலை குற்றத்திற்கான தூண்டுதலாக அன்றி வாய்ப்பாகவே செயற்பட்டது. முக்கோணத்தின் முதற்கூறில் புனைவு வைக்கும் வறுமை, இவ்வழக்கில் இரண்டாம் கூறுக்கு இடம்பெயர்ந்துள்ளமை நோக்கத்தக்கது.

சான்றின் வலிமை

போலித் தாளை வீழ்த்தியது ஒளிப்படம். களவுக்கு முன்னர் இத்திருமேனியை அதன் கோயிலிலேயே எடுத்த படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில் இருந்தது. கபூர் 2011இல் ஜெர்மனியில் கைதாகி, 2012இல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். தான் ஏமாற்றப்பட்டதாகக் கூறி ஆஸ்திரேலியக் கலைக்கூடம் 2014இல் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் நடராசர் தாயகம் திரும்பினார். உடையார்பாளையம் காவல் நிலையத்தில் பதிவான மற்றொரு சிலைக்களவு வழக்கில் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

முடிவுரை

வறுமை மோசடிக்கு இட்டுச்செல்லும் என்னும் புனைவு விளக்கம் தனிமனிதனை நோக்கியது. கூட்டாக இயங்கும் மோசடியை அது விளக்குவதில்லை. அவ்விளக்கத்தை மட்டுமே பற்றி நிற்பின், பழி கடைநிலைக் கைகளின் மீதே தங்கிவிடும். எனவே குற்றப் புனைவை ஆராய்வோர், ‘யாருக்குப் பணம் தேவைப்பட்டது?’ என்பதோடு ‘ஆவணத்தை யார் எழுதினார்?’ என்றும் வினவுதல் வேண்டும். வருவாயற்ற சிற்றூர்க் கோயில்களின் திருமேனிகளைப் படமெடுத்துப் பதிவுசெய்தல் கலை வரலாற்றுப் பணி மட்டுமன்று, மோசடிக்கு எதிரான முதற்காப்புமாகும் என்பது இவ்வழக்கால் அறியப்படுகிறது.