தொலைக்காட்சி கேட்கிறது, எல்லோர் குரலையும் அல்ல

புது தில்லி: "சேனலை மாற்று", "சத்தத்தைக் குறை", "பழைய பாட்டுப் போடு" என்று வாயால் சொன்னாலே அதன்படி இயங்கும் தொலைக்காட்சிப் பெட்டிகள் இன்று நடுத்தரக் குடும்பங்களின் கூடம் வரை வந்துவிட்டன. ரிமோட்டில் உள்ள மைக் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசுவது ஒரு வகை. பெட்டியையே பெயர் சொல்லி அழைத்துக் கட்டளையிடுவது இன்னொரு வகை.

எழுந்து சென்று ரிமோட்டை எடுக்கச் சோம்பல்படுவோருக்கான வசதி என்று இதைக் கேலி செய்வோர் உண்டு. ஆனால், பார்வையற்றோருக்கும், கை வழங்காதோருக்கும், எழுத்தறியாதோருக்கும் இது வெறும் வசதி அல்ல, தேவை. அந்தத் தேவை இந்தியாவில் எந்த அளவுக்கு நிறைவேறுகிறது என்பதுதான் கேள்வி.

குமிழிலிருந்து குரலுக்கு: இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15-ஆம் தேதி தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. 1982-இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. ஒன்றிரண்டு சேனல்கள் மட்டுமே இருந்த அந்நாள்களில், பெட்டியில் உள்ள குமிழைத் திருகுவதே போதுமானதாக இருந்தது. 1990-களில் செயற்கைக்கோள் சேனல்கள் பெருகியபோது ரிமோட் இன்றியமையாததாயிற்று.

இன்று நூற்றுக்கணக்கான சேனல்களுடன் இணையவழித் திரைப்படத் தளங்களும் சேர்ந்துகொண்டன. ஒரு படத்தைத் தேட வேண்டுமானால், திரையில் தோன்றும் எழுத்துப் பலகையில் அம்புக்குறிப் பொத்தான்களால் நகர்ந்து நகர்ந்து ஒவ்வோர் எழுத்தாகச் சேர்க்க வேண்டும். பல பெட்டிகளில் அந்தப் பலகை முதலில் தோன்றுவது ஆங்கிலத்தில். இந்தச் சிக்கலுக்கு விடையாகவே குரல்வழித் தேடல் வந்தது. தொலைக்காட்சியுடன் இணைக்கும் அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக், குரல் ரிமோட்டுடன் 2017-இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டில் அலெக்ஸாவும் ஆங்கிலம் பேசியபடி இங்கு அறிமுகமானது. அது இந்தி கற்றுக்கொண்டது 2019-இல். கூகுள் நிறுவனம் 2017 ஆகஸ்டில் தனது குரல்வழித் தட்டச்சு வசதியில் தமிழ் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளைச் சேர்த்தது.

பேச்சு செல்லும் பாதை: பயன்படுத்துவோர் பேசியதும் அந்த ஒலி எண்களாக மாற்றப்பட்டு, பெரும்பாலும் இணையம் வழியே தொலைவில் உள்ள சர்வர் கணினிகளுக்குச் செல்கிறது. அங்கு அது எழுத்தாக மாற்றப்பட்டு, சொன்னவரின் நோக்கம் இன்னதென்று கணிக்கப்பட்டு, அதற்கேற்ற கட்டளை பெட்டிக்குத் திரும்பி வருகிறது. எல்லாம் ஓரிரு நொடிகளில் முடிந்துவிடுகிறது. இணைய வேகம் குறைந்தால் பெட்டியும் தயங்கும்.

பெயர் சொல்லி அழைக்கும் வகையில் கூடுதல் சிரமம் உண்டு. பெட்டி தனது ஒலிபெருக்கியிலிருந்து வரும் வசனத்தையும் பாட்டையும் கழித்துவிட்டு, எதிரே இருப்பவரின் குரலை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். சுழலும் மின்விசிறி, குக்கர் விசில், ஒரே நேரத்தில் பேசும் நான்கு பேர் என்றிருக்கும் இந்திய வீடுகளில் அது எளிதான வேலையன்று.

எந்த மொழியில் பேசுவது? மொழிப் பிரச்னை இதைவிடப் பெரியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் நாட்டில் 121 உள்ளன. அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றவை 22. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பதிவு செய்தவர்கள் சுமார் 2.6 லட்சம் பேர் மட்டுமே. ஆனாலும், குரல்வழி வசதி முதலில் நன்கு கற்றுக்கொண்ட மொழி ஆங்கிலமே.

இந்தி வந்துவிட்டதால் வட இந்தியாவின் குறை தீர்ந்துவிட்டது என்றும் கருதிவிட முடியாது. கணக்கெடுப்பில் இந்தியின் கீழ் சேர்க்கப்பட்டவர்களில் 5 கோடிக்கும் மேற்பட்டோர் தங்கள் தாய்மொழி போஜ்புரி என்று தெரிவித்தவர்கள். பிகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் தில்லிக்குப் பிழைக்க வந்த குடும்பங்களில் பாட்டி பேசும் மொழி அது. பெட்டியிடம் பேச வேண்டுமானால் அவர் பள்ளிக்கூட இந்திக்கு மாற வேண்டும்.

பெயர்களும் குழப்பம் தருகின்றன. 'த்ரிஷ்யம்' என்ற பெயரில் 2013-இல் மலையாளத்திலும், 2015-இல் இந்தியிலும் படங்கள் வந்தன. பெயரை மட்டும் சொன்னால், எந்த மொழிப் படத்தைக் கேட்கிறார் என்பதைப் பெட்டி ஊகித்தாக வேண்டும். வாக்கியம் ஒரு மொழியிலும் படத்தின் பெயர் இன்னொரு மொழியிலுமாக இருப்பது இந்தியப் பேச்சில் இயல்பு. ஒரு நேரத்தில் ஒரு மொழி என்று பழக்கப்பட்ட இயந்திரத்துக்கு அது இடறல்.

ஒரு மொழியைக் கணினிக்குக் கற்பிக்க, பல ஊர்களையும் பல வயதினரையும் சேர்ந்தோரின் பேச்சு, எழுத்து வடிவத்துடன் ஆயிரக்கணக்கான மணி நேர அளவில் தேவை. சந்தை பெரிதாக உள்ள மொழிகளுக்கு நிறுவனங்களே இதைத் திரட்டுகின்றன. மற்ற மொழிகளுக்காக மத்திய அரசு 2022 ஜூலையில் 'பாஷிணி' திட்டத்தைத் தொடங்கியது. பொதுமக்கள் தங்கள் குரலைப் பதிவு செய்து வழங்க 'பாஷாதான்' என்ற ஏற்பாடும் அதில் உண்டு. சென்னை ஐஐடி-யில் இயங்கும் 'ஏஐ4பாரத்' ஆய்வுக் குழு, 22 மொழிகளிலும் மக்களின் இயல்பான பேச்சைத் திரட்டி, யாரும் பயன்படுத்தும் வகையில் வெளியிட்டு வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? நாட்டில் 2.68 கோடி மாற்றுத் திறனாளிகள் இருப்பதாக 2011 கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. அவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளோர் சுமார் 50 லட்சம் பேர். உடல் இயக்கக் குறைபாடு உள்ளோர் சுமார் 54 லட்சம் பேர். அன்றாடப் பயன்பாட்டுக்கான மின்னணுப் பொருள்கள், அனைவரும் கையாளத்தக்க வடிவமைப்பில் கிடைப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு கூறுகிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

குரல் கட்டளை படத்தைத் தேடித் தருவதோடு நின்றுவிட்டால் பயன் அரைகுறையே. செயலிக்குள் நுழைவது, கடவுச்சொல்லைப் பதிவது, சந்தாவைப் புதுப்பிப்பது ஆகியவற்றுக்கு மீண்டும் திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தால், பார்வையற்றவர் வேறொருவரின் உதவிக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

வீட்டுக்குள் ஒரு காது: வசதிக்கு விலையும் உண்டு. தொலைக்காட்சி அருகே பேசப்படும் அந்தரங்க விவரங்களும் பதிவாகி வெளி நிறுவனத்துக்குச் செல்லக்கூடும் என்று சாம்சங் நிறுவனத்தின் கொள்கை அறிவிப்பில் இருந்த வாசகம், 2015-இல் உலகெங்கும் சர்ச்சையைக் கிளப்பியது. வாடிக்கையாளர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதை அனுமதியின்றிச் சேகரித்த புகாரில், அமெரிக்காவின் விசியோ நிறுவனம் 2017-இல் 22 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. குழந்தைகளின் அலெக்ஸா குரல் பதிவுகளை நீக்காமல் வைத்திருந்ததாக எழுந்த வழக்கில், அமேசான் நிறுவனம் 2023-இல் 2.5 கோடி டாலர் அபராதம் செலுத்தச் சம்மதித்தது.

இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு மக்களுக்கு அளிக்கப்பட வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. போஜ்புரி அந்த அட்டவணையில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

வாங்குவோர் கவனத்துக்கு: அந்தரங்கம் குறித்துக் கவலைப்படுவோர், பொத்தானை அழுத்தினால் மட்டுமே கேட்கும் ரிமோட் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். பெட்டியிலேயே மைக் இருந்தால், அதை அணைக்கும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய குரல் பதிவுகளை அந்தந்தச் சேவையின் கணக்குப் பகுதிக்குச் சென்று அழிக்க முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பனையாளர் ஆங்கிலத்தில் பேசிக் காட்டுவதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. வீட்டில் அதை அதிகம் பயன்படுத்தப் போகும் முதியவரையோ மாற்றுத் திறனாளியையோ கடைக்கு அழைத்துச் சென்று, அவரது மொழியில் அவரையே பேசிப் பார்க்கச் செய்து வாங்குவதே நல்லது.