உஷார்! கடைசி நாள் காலையில் தீவில் இருக்காதீர்கள்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இப்போது அந்தமான் மோகம் பலமாக இருக்கிறது. லீவு விட்டால் மூணாறு, கொடைக்கானல் என்று வேன் பேசிய குடும்பங்கள், "ஐந்து இரவு ஆறு பகல், மூன்று தீவு, விமான டிக்கெட் உட்பட" என்று வாட்ஸ்அப்பில் வரும் நோட்டீஸைப் பார்த்து முன்பணம் கட்டுகின்றன. போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. செல்லுலார் சிறை ஒன்றைப் பார்ப்பதற்காகவே போகலாம். ஆனால் பணம் கட்டியவர்களுக்கு வரும் பயணத் திட்டத்தைப் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

அதன் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். காலையில் ஹேவ்லாக் தீவில் கப்பல் ஏறுகிறீர்கள். மதியம் போர்ட் பிளேரில் விமானம். இரவு சென்னையில் பொதிகை எக்ஸ்பிரஸ், விடிந்தால் ஊர். காகிதத்தில் கச்சிதமாகத்தான் இருக்கிறது. அன்று காலை காற்று அடித்தால்? துறைமுகத்தில் கப்பல் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் விமானமும் போச்சு, ரயிலும் போச்சு. ஹேவ்லாக்கிலிருந்து வெளியே வர வேறு பாதை கிடையாது. இருக்கிற ஹெலிகாப்டர் சேவையும் அந்த வானிலையில் பறக்காது.

இது நடக்காத கதை இல்லை. 2016 டிசம்பர் முதல் வாரத்தில் அந்தமான் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானது. ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கப்பல் இல்லை, பல இடங்களில் கரண்டும் போனும் இல்லை. சில நாள் கழித்துக் கடற்படையும் கடலோரக் காவல்படையும் கப்பல்களைக் கொண்டுவந்துதான் அவர்களை மீட்டன. அதே புயல்தான் வர்தா என்ற பெயரோடு டிசம்பர் 12 அன்று சென்னையைப் புரட்டிப் போட்டது. அன்று சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அந்தமானின் வாசல் சென்னை. வங்கக் கடலில் ஒரு புயல் கிளம்பினால் இரண்டு வாசலும் சேர்ந்தே அடைபடலாம்.

அதனால் முதல் எச்சரிக்கை இதுதான். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே போர்ட் பிளேருக்கு வந்துவிடுங்கள். ஹேவ்லாக், நீல் இரண்டையும் பயணத்தின் முன்பாதியில் முடித்துக்கொண்டு, கடைசி நாளைச் சிறைச்சாலைக்கும் ஊர்ச் சுற்றலுக்கும் வையுங்கள். ஒரு ராத்திரி அறை வாடகை கூடும், கூடட்டும். (டிக்கெட்டில் ஸ்ரீ விஜயபுரம், சுவராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று இருந்தால் குழம்ப வேண்டாம். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் ஆகியவற்றின் இப்போதைய பெயர்கள் அவை.)

மே கடைசியில் மட்டும் பேக்கேஜ் ஏன் மலிவாகிறது என்று யாரும் கேட்பதில்லை. தென்மேற்குப் பருவமழை குற்றாலத்தை எட்டுவதற்கு முன்பே அந்தமானைத் தொட்டுவிடும். மே மூன்றாவது வாரத்திலேயே அங்கே மழை தொடங்குவது வழக்கம். நம் பள்ளிகளின் கோடை விடுமுறையின் பின்பாதி அங்கே கடல் கொந்தளிக்கத் தொடங்கும் காலம். தீபாவளியை ஒட்டிய அக்டோபர், நவம்பரோ புயல் காலம். பிள்ளைகளோடு போக ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நல்லது.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். 2014 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. புயல் இல்லை, மழைக்காலமும் இல்லை. அந்தமானில் ராஸ் தீவைப் பார்த்துவிட்டு நார்த் பே நோக்கிப் போன 'அக்வா மரீன்' என்ற சுற்றுலாப் படகு கடலில் கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகச் சுற்றுலா போன நம் தமிழ்நாட்டு மக்கள். ஏறத்தாழ 25 பேர் போக வேண்டிய படகில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆட்களை ஏற்றியிருந்தார்கள்.

"நம்ம குரூப்பைப் பிரிக்க வேண்டாம், எல்லாரும் ஒரே போட்டில் போயிடலாம்" என்கிற பேச்சு இருக்கிறதே, அதுதான் எனக்குப் பயம். மில் நண்பர்கள், சொந்தக்காரர்கள் என்று முப்பது நாற்பது பேராகக் கிளம்புவது நம் பக்கத்து வழக்கம். படகில் எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதியிருக்க வேண்டும். அதைப் பாருங்கள், ஏறியவர்களை எண்ணுங்கள். ஒரு ஆள் கூடுதலாக இருந்தாலும் இறங்கிவிடுங்கள். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நம் மலைக்கு அந்தப்பக்கம், தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அது ஏரிதான், அலையே கிடையாது. விலங்கைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கம் சாய்ந்தார்கள் என்று அப்போது பேசப்பட்டது. படகில் எழுந்து நின்று ஒரு பக்கமாகக் கூடிப் போட்டோ எடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் சும்மா மாட்டிக்கொண்டால் போதாது, பக்கிளைப் பூட்டி இறுக்க வேண்டும். பெரியவர்களின் ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் அது தலை வழியாகக் கழன்று மேலே போகும், குழந்தை கீழே போகும். குழந்தை அளவு ஜாக்கெட் இல்லையென்றால் அந்தப் படகு உங்களுக்கு வேண்டாம். பெண்கள் படகுப் பயணத்தன்று சேலையைத் தவிர்த்துவிடுங்கள். நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொண்டால் நீச்சல் தெரிந்தவருக்கே கஷ்டம்.

பேக்கேஜில் ஸ்கூபாவையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆஸ்துமா, இதய நோய், காதுக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. கடலுக்கடியில் போய் வந்தபின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடுவது பாதுகாப்பு. கடைசி நாள் காலையில் ஸ்கூபா என்று போட்டிருந்தால் அந்தத் திட்டத்தைப் போட்டவருக்கு இது தெரியவில்லை என்று அர்த்தம். கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் கால் நனைக்கவும் போகாதீர்கள். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு, ஹேவ்லாக்கிலேயே 2010-ல் ஒரு முதலை வெளிநாட்டுப் பயணி ஒருவரைக் கொன்றிருக்கிறது.

பண விஷயம் சுருக்கமாக. விமான டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். கப்பல் டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முழுப் பணத்தையும் முகம் தெரியாத ஒருவரின் தனி எண்ணுக்கு அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

மழை வந்தால் சதுரகிரி மலைக்கு விட மாட்டேன் என்று வனத்துறை தாணிப்பாறையில் கேட்டைப் பூட்டுகிறது. நாமும் ஓடை பொங்கும் வேகத்தை அறிந்தவர்கள், முணுமுணுத்தாலும் திரும்பிவிடுகிறோம். கடலை நமக்கு அந்த அளவு தெரியாது. அதனால்தான் "காசு கட்டியாச்சே" என்று துறைமுகத்தில் சண்டை போடத் தோன்றுகிறது. கப்பல் இல்லை என்று சொன்னால், அன்று சின்னப் படகு தருகிறேன் என்று வருகிறவரோடு போய்விடாதீர்கள்.

கப்பல் நின்றால் தங்கும் செலவு யாருடையது, படகில் எத்தனை பேர், குழந்தைக்கு ஜாக்கெட் உண்டா என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. கிளம்புகிற ஒவ்வொருவர் போனிலும் அது இருக்கட்டும்.