ஏணியின் முதல் படி எந்த ஊரில்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவண்ணாமலையிலிருந்து செங்கம் பக்கமோ போளூர் பக்கமோ பேருந்தில் போனால், வற்றிய ஏரியிலோ அறுவடை முடிந்த நிலத்திலோ டென்னிஸ் பால் கிரிக்கெட் நடந்துகொண்டிருக்கும். ஒரு ஓவரின் ஆறு பந்தையும் யார்க்கராக இறக்கும் பையன் ஒருவன் அங்கே இருந்தால், "இவன் இந்தியா டீமுக்கே ஆடுவான்டா" என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். அது வெறும் புகழ்ச்சி என்று தள்ளிவிட முடியாது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் த. நடராஜன் அப்படித்தான் தொடங்கினார். ஆனால் ஏரி மைதானத்துக்கும் இந்திய அணிக்கும் நடுவே எத்தனை படிகள் உண்டு, அவை எந்தெந்த ஊரில் இருக்கின்றன என்பதை அந்தப் பையனுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இருப்பதில்லை.

நடராஜனின் தந்தை நெசவுத் தொழிலாளி, தாய் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்தியவர். ஐந்து பிள்ளைகளில் இவர் மூத்தவர். இருபது வயதை ஒட்டும்வரை அவர் கையில் இருந்தது டென்னிஸ் பந்துதான். அதன் பிறகுதான், ஊரில் வழிகாட்டியாக இருந்த ஜெயப்பிரகாஷின் முயற்சியால் சென்னைக்குப் போய், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் நான்காம் டிவிஷன் லீக்கில் பி.எஸ்.என்.எல். அணிக்காகத் தோல் பந்தைப் பிடித்தார். பின்னாளில் ஐபிஎல் சட்டையில் "ஜேபி நட்டு" என்று போட்டுக்கொண்டது அந்த நன்றிக்காகத்தான்.

டென்னிஸ் பந்திலிருந்து ஸ்டிச் பால் எனப்படும் தோல் பந்துக்கு மாறுவது எளிதல்ல. தோல் பந்து 156 கிராமுக்குக் குறையாது. டென்னிஸ் பந்து அதில் பாதி எடைகூட இருக்காது. எடை கூடியதும் தோளிலும் முதுகிலும் விழும் சுமை மாறும். தையலை எப்படிப் பிடிப்பது, பழைய பந்தை எப்படிப் பேணுவது, டர்ஃப் விக்கெட்டில் எந்த நீளத்தில் குத்துவது என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும். பதினான்கு வயதில் கற்க வேண்டியதை நடராஜன் இருபதில் கற்றார். ஒன்று மட்டும் மாறாமல் கூடவே வந்தது. டென்னிஸ் பந்து எகிறி எழும், நடுவில் குத்தினால் அடி நிச்சயம். தப்பிக்கக் காலடியில்தான் போட்டாக வேண்டும். ஊர் ஆட்டம் கொடுத்த அந்த யார்க்கர்தான் அவரைக் கடைசிவரை கொண்டுபோனது.

சென்னை லீக்கில் பல டிவிஷன்கள் உண்டு. உச்சியில் இருக்கும் முதல் டிவிஷனில் நிறுவனங்களின் ஆதரவு பெற்ற அணிகள் ஆடுகின்றன; மாநிலத் தேர்வாளர்களின் கண் அங்கேதான். நான்காம் டிவிஷனிலிருந்து விஜய் சி.சி., பிறகு ஜாலி ரோவர்ஸ் என்று ஏறிய நடராஜன், 2015 ஜனவரியில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். உடனே அடி விழுந்தது. அவர் பந்துவீசும் முறை விதிக்கு உட்பட்டதா என்ற சந்தேகம் எழுந்தது. கை மடங்கி நிமிரும் கோணம் 15 பாகையைத் தாண்டக்கூடாது என்பது விதி. பழகிய வீச்சைக் கலைத்துப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டின் முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் சுனில் சுப்ரமணியம் போன்றவர்கள் அருகில் இருந்ததால் அது முடிந்தது. இதே சிக்கல் சின்னப்பம்பட்டியிலேயே இருந்தபோது வந்திருந்தால் அவரது கிரிக்கெட் அங்கேயே முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்து நடந்தவை பலருக்கும் தெரியும். 2016 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக ஒரு சூப்பர் ஓவரில் ஆறு பந்தும் யார்க்கர். 2017 ஐபிஎல் ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம் ரூபாய்; பஞ்சாப் அணி கொடுத்தது 3 கோடி. அந்த ஆண்டு ஆறு ஆட்டங்களில் கிடைத்தது இரண்டே விக்கெட். 2018, 2019இல் ஐதராபாத் அணியில் இருந்தும் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2020இல் 16 விக்கெட். வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா சென்றவர், டிசம்பர் 2இல் ஒருநாள் ஆட்டம், 4இல் டி20, 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். அப்போது வயது 29. வேகப்பந்து வீச்சாளருக்கு அது தாமதமான வயது.

இந்தப் பாதையை அமெரிக்க பேஸ்பாலின் பாதையோடு வைத்துப் பார்க்கலாம். அங்கே உச்சியில் இருப்பது 30 அணிகள் கொண்ட மேஜர் லீக். ஒவ்வொரு அணிக்கும் கீழே நான்கு நிலைகளில் ஒவ்வோர் அணி, ஆக 120 மைனர் லீக் அணிகள். ஆண்டுதோறும் 20 சுற்றுகளாக நடக்கும் டிராஃப்ட் என்ற தேர்வில் பள்ளி, கல்லூரி வீரர்களை அணிகள் எடுத்துக்கொள்கின்றன. எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நேராக மேலே போவதில்லை. கீழ்நிலையில் சேர்ந்து படிப்படியாக ஏற வேண்டும். சம்பளம் நீண்ட காலம் மிகக் குறைவாக இருந்தது. 2023இல் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்த பிறகு, மைனர் லீக்கின் மேல்நிலையில் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 35,800 டாலர். அதே ஆண்டில் மேஜர் லீக்கின் குறைந்தபட்சம் 7,20,000 டாலர்.

அந்த ஏணியில் ஏறிப் பார்த்த இந்தியர்கள் உண்டு. 2008இல் இந்தியாவில் நடந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற போட்டியில் வென்ற ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் உத்தரப் பிரதேசத்து ஈட்டியெறி வீரர்கள். அதுவரை பேஸ்பால் ஆடாதவர்கள். அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. (அவர்கள் கதையாக 2014இல் வந்த படத்துக்கு இசை ஏ.ஆர். ரஹ்மான்.) தினேஷ் இரண்டு பருவங்கள் ஆடித் திரும்பினார். ரிங்கு படியேறினார்; காயங்களும் அறுவைச் சிகிச்சையும் குறுக்கிட்டன; மேஜர் லீக்கை எட்டவில்லை. தாய்வழியில் இந்திய வம்சாவளியான குமார் ராக்கர் எட்டினார். 2021 டிராஃப்டில் பத்தாவதாக எடுத்த அணி, மருத்துவக் காரணத்தால் ஒப்பந்தம் செய்யவில்லை. மறு ஆண்டு டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அவரை மூன்றாவதாக எடுத்தது. 2023இல் முழங்கைத் தசைநார் அறுவைச் சிகிச்சை. 2024 செப்டம்பர் 12இல், 24 வயதில், மேஜர் லீக்கில் முதல் பந்தை வீசினார்.

வெற்றி, தோல்வியை விட எனக்கு முக்கியமாகப் படுவது இடம். ரிங்கு சிங் 2011, 2012இல் ஆடிய வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணி சார்ல்ஸ்டன் நகரைச் சேர்ந்தது. 2010 கணக்கெடுப்பில் அந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 51,000. திருவண்ணாமலை நகரின் மக்கள்தொகை 2011இல் சுமார் 1,45,000. அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள ஊரில் சம்பளம் வாங்கி ஆடும் அணியும், பயிற்சியாளரும், புல்தரை மைதானமும் இருந்திருக்கின்றன. அங்கே ஏணியின் கீழ்ப்படிகள் சிறு ஊர்களில் நிற்கின்றன. நம்முடைய ஏணியோ கீழ்ப்படியிலிருந்தே பெரும்பாலும் சென்னையில் நிற்கிறது. மாவட்டச் சங்கங்கள் உண்டு, மாவட்டங்களுக்கிடையே போட்டிகளும் உண்டு. ஆனாலும் தேர்வாளர் கண்ணில் தொடர்ந்து பட வேண்டுமானால் 190 கிலோமீட்டர் தள்ளிப் போய் வாடகைக்கு அறை பிடித்துத் தங்க வேண்டியிருக்கிறது. அந்த வாடகையைக் கட்ட முடியாமல் நின்றுபோன கைகளின் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை. மாவட்டத் திறமைகளை வெளிக்கொணர வந்த டிஎன்பிஎல்லின் எட்டு அணிகளில் திருவண்ணாமலையின் பெயரிலும் அணியில்லை, பக்கத்து வேலூரின் பெயரிலும் அணியில்லை.

படியை ஊருக்கே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சின்னப்பம்பட்டியே சான்று. நடராஜனும் ஜெயப்பிரகாஷும் அங்கே பயிற்சி மையம் தொடங்கினார்கள். அதிலிருந்து வந்த ஜி. பெரியசாமி 2019 டிஎன்பிஎல் இறுதியாட்டத்தில் சேப்பாக் அணிக்காக ஐந்து விக்கெட் எடுத்து, பிறகு தமிழ்நாடு அணிக்கும் ஆடினார். ஒரே கிராமம், இரண்டு வேகப்பந்து வீச்சாளர்கள். 2023 ஜூனில் நடராஜன் தன் பணத்தில் அமைத்த மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். ஒரு விளையாட்டு வீரர் தனி ஆளாகச் செய்ததை ஒரு மாவட்டம் கூடிச் செய்ய முடியாதா? பெரிய அரங்கம் வேண்டாம். பராமரிக்கப்படும் இரண்டு டர்ஃப் விக்கெட், பதினான்கு வயதுக்குள் கைக்கு வரும் தோல் பந்து, கை மடங்குவதைப் பார்த்தவுடன் திருத்தத் தெரிந்த ஒரு பயிற்சியாளர், செங்கத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டணம். இதில் முதலில் வேண்டியது பயிற்சியாளர். விக்கெட்டை எப்படிப் போடுவது என்பதை அவரே சொல்லிவிடுவார்.