டப்பா தேடப் போறீங்களா? தரையைப் பாருங்க!

ஜியோகேஷிங் தெரியும்ல? ஒருத்தர் எங்கேயோ ஒரு டப்பாவை ஒளிச்சு வச்சு, அந்த இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். நாம ஜிபிஎஸ் வச்சுத் தேடிப்போய், உள்ளே இருக்கிற நோட்டில் பேரை எழுதணும். 2000-ம் வருஷம் அமெரிக்காவில் ஆரம்பிச்ச விளையாட்டு. ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் இதை ஆடுறது வேற கதை.

அடிலெய்டுக்கு வடக்கே சுமார் 850 கிலோமீட்டர். 1915-ல் 14 வயசுப் பையன் ஒருத்தன் கண்ணில் ஓபல் கல் பட்டது. அன்னிக்கு ஆரம்பிச்ச தோண்டல் இன்னும் நிக்கல. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அதனால குன்றைக் குடைஞ்சு உள்ளேயே குடியிருக்காங்க. ஏசியே வேண்டாம்! 'முதலை ஹாரி'ங்கிறவர் குடைஞ்ச வீடு 1985-ல் வந்த 'மேட் மேக்ஸ்' படத்தில்கூட வருது. சுவரெல்லாம் சிற்பம், வந்துபோனவங்க எழுதின பேர்கள். அந்த வீடே ஒரு பெரிய நோட்டுதான்னு சொல்லணும்.

சிக்கல் வெளியே இருக்கு. சுற்றிலும் கைவிட்ட சுரங்கக் குழிகள். வாய் ஒரு மீட்டர் அகலம்தான் இருக்கும், ஆழமோ பல மாடி. நிறைய குழிகளுக்கு மூடி கிடையாது. போன் ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே அஞ்சு மீட்டர் தள்ளிக் காட்டலாம். நடுவில் குழி இருக்கான்னு அந்த அம்புக்குறிக்குத் தெரியாது. ஓடாதே, பின்னால நடக்காதேன்னு அங்கே போர்டே வச்சிருக்காங்க. செல்ஃபிக்காக ஒரு அடி பின்னால வைக்கிற பழக்கம் நமக்கு இருக்கே!

அதனால நின்னு திரையைப் பாருங்க, போனைப் பையில் போட்டுட்டு நடங்க. மண்குவியல் தெரிஞ்சா பக்கத்திலேயே குழி இருக்குன்னு வச்சுக்கோங்க. இருட்டினா தேடவே வேண்டாம். டப்பா குழிக்குள்ள இருக்குமோன்னு தோணிச்சா, திரும்பிடுங்க. 'கிடைக்கலை'ன்னு பதிவு போடவும் அந்த ஆப்பில் வழி இருக்கு.